அம்புக்குறிகளுக்குத் தேதி உண்டு: கலுண்ட்போர்க் ஆலைகளின் கதை

சுற்றுச்சூழல் பொறியியலைத் தொட்டவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு படத்தைப் பார்த்திருப்பார்கள். நடுவில் ஒரு அனல்மின் நிலையம். அதைச் சுற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மருந்து ஆலை, ஜிப்சம் போர்டு ஆலை, ஒரு நகராட்சி, கொஞ்சம் வயல், ஒரு மீன் பண்ணை. எல்லாவற்றுக்கும் நடுவே தாறுமாறாக அம்புக்குறிகள், ஒன்றில் மிஞ்சுவது இன்னொன்றுக்குப் போவதைக் காட்ட. நீராவி இப்படிப் போகும், தண்ணீர் அப்படி வரும், சாம்பல் ஒரு பக்கம், ஜிப்சம் இன்னொரு பக்கம். படத்துக்குக் கீழே 'கலுண்ட்போர்க், டென்மார்க்' என்று எழுதியிருக்கும். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் வரும்.

படத்தைப் பார்த்தால், யாரோ ஒரு பெரிய மூளைக்காரர் வரைபட மேசையில் உட்கார்ந்து இந்த ஆலைகளை இப்படிக் கோத்திருக்கிறார் என்றுதான் தோன்றும். நானும் வெகு நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு உடைய வேண்டும் என்றால் ஒரு சின்ன வேலை செய்தால் போதும்: ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் அது வந்த ஆண்டைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். 1961, 1972, 1973, 1976, 1979, 1981, 1982, 1987, 1989, 1990, 1992, 1993. முதல் குழாய்க்கும் ஜிப்சம் போன பாதைக்கும் நடுவே 32 ஆண்டுகள். முதல் குழாயைப் பதித்தவர்களுக்குக் கடைசி அம்பு கனவில்கூட வந்திருக்காது.

இந்த ஆய்வு அந்தத் தேதிகளை வைத்துத்தான் நகர்கிறது. இயற்பியலும் வேதியியலும் ஆங்காங்கே வரும். கழிவிலிருந்து சரக்கு, வீண் வெப்பத்திலிருந்து பயன் என்று எல்லாவற்றையும் ஒரே ஊரில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

முதலில் தண்ணீர்

கலுண்ட்போர்க், சீலாந்து தீவின் மேற்குக் கரையில், கோபன்ஹேகனிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துறைமுக ஊர். மக்கள்தொகை 16,000 சொச்சம். ஐந்து கோபுரங்கள் கொண்ட பழைய தேவாலயம்தான் ஊரின் அடையாளம். கப்பல் உள்ளே வந்து நிற்க வாகான ஆழமான கடற்கழி உண்டு. அதனால் நிலக்கரியும் கச்சா எண்ணெயும் இறக்க வசதி. ஆஸ்னேஸ் அனல்மின் நிலையம் 1959இல் இயங்கத் தொடங்கியது. பிறகு டைட்வாட்டர் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் சுத்திகரிப்பு ஆலை கட்ட வந்தது. அந்த ஆலை பின்னாளில் எஸ்ஸோ, ஸ்டாட்டாயில் என்று கை மாறிக்கொண்டே போனது.

சிக்கல் தண்ணீரில் வந்தது. சுத்திகரிப்பு ஆலைக்குக் குளிர்விக்கவும் நீராவி எழுப்பவும் ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். ஊரின் நிலத்தடி நீரோ குடிக்கவே அளந்து எடுக்க வேண்டிய நிலை. ஊருக்கு வெளியே டிஸ்ஸோ என்ற ஏரி இருக்கிறது. அங்கிருந்து குழாய் இழுப்பது என்று முடிவானது. வேலையை நகராட்சி பார்த்துக்கொண்டது, பணத்தை ஆலை போட்டது. 1961இல் ஓடத் தொடங்கிய அந்த ஏரித் தண்ணீர்க் குழாய்தான் இன்றைய படத்தின் முதல் கோடு.

இதில் கழிவு மறுபயன்பாடு என்று எதுவுமில்லை, கவனித்தீர்களா? தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, இரண்டு தரப்பு உட்கார்ந்து பேசியது, குழாய் வந்தது. அவ்வளவுதான். ஆனால் பின்னாளில் இந்த ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் அச்சு இதுவே. ஒரு தரப்புக்கு ஒரு தட்டுப்பாடு, இன்னொரு தரப்பிடம் அதற்கு ஒரு வழி, நடுவில் ஒரு ஒப்பந்தம். 1973இல் மின் நிலையம் பெரிதானபோது அதுவும் இதே குழாயில் வந்து சேர்ந்துகொண்டது.

புகைபோக்கி உச்சியில் எரிந்த காசு

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சுவாலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயரமான குழாயின் நுனியில் இரவும் பகலும் எரியும் தீ. கச்சா எண்ணெயைப் பிரிக்கும்போது மிஞ்சும் லேசான வாயுக்களைப் பிடித்து வைத்து விற்பதைவிட எரித்துவிடுவது மலிவு என்பதால் எரிப்பார்கள்.

1972இல் ஜிப்ராக் நிறுவனத்தின் ஜிப்சம் போர்டு ஆலை இந்த ஊருக்கு வந்ததற்கு அந்தத் தீயும் ஒரு காரணம். நம் ஊரில் ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடுகிறோமே, அதே பலகைதான். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டோடு இரண்டு மூலக்கூறு தண்ணீர் சேர்ந்த பொருள். அதைச் சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு ஓடிவிடும். மிஞ்சுவது பொடி. பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் கூழாகி, சிறிது நேரத்தில் இறுகிக் கல்லாகும். அந்தக் கூழை இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே பரப்பினால் பலகை. இறுகிய பலகையில் இன்னும் ஏராளமான ஈரம் இருக்கும், அதை உலர்த்த நீளமான சூளை வேண்டும். முதலில் தண்ணீரை விரட்டவும் சூடு, பிறகு சேர்த்த தண்ணீரை விரட்டவும் சூடு என்று இந்தத் தொழிலில் பாதிக் கதை சூடுதான். பக்கத்து ஆலை வானத்தில் எரித்துக்கொண்டிருந்த வாயு இந்தச் சூளைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் ஜிப்சம் கல்லோ ஸ்பெயின் சுரங்கங்களிலிருந்து கப்பலில் வந்தது. அதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின் நிலையத்தின் பெரிய கழிவு

1973 எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கை உலுக்கியது. நாட்டின் எரிபொருளில் பெரும்பகுதி இறக்குமதி எண்ணெய். மின் நிலையங்கள் நிலக்கரிக்கு மாறின. வீடுகளுக்குச் சூடு எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வி எழுந்தது. அப்போதுதான் அனல்மின் நிலையத்தின் மிகப் பெரிய கழிவு எது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பலும் இல்லை, புகையும் இல்லை. வெப்பம்.

இங்கே இயற்பியலை ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். நீராவி டர்பைனை 540 டிகிரியில் ஓட்டி, வெளியேறும் நீராவியைக் கடல் தண்ணீரால் 20 டிகிரிக்குக் குளிர்விப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்ப இயக்கவியல் விதிப்படி, உராய்வே இல்லாத கற்பனை இயந்திரம்கூட 64 சதவீதத்துக்கு மேல் வெப்பத்தை வேலையாக மாற்ற முடியாது. நிஜ இயந்திரம் 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மிச்சத்தில் கொஞ்சம் புகைபோக்கி வழியாகப் போகும், பெரும்பங்கு, நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரில் கடல் தண்ணீருக்குப் போகும். பொறியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது.

ஆஸ்னேஸ் உச்சத்தில் 1,500 மெகாவாட் மின்சாரம் கொடுத்த நிலையம். 40 சதவீதத் திறன் என்று எடுத்துக்கொண்டால் உள்ளே போன வெப்பம் 3,750 மெகாவாட். அதில் 2,250 மெகாவாட் மின்சாரமாக மாறாமல் வெளியே போயிருக்கிறது.

அதை ஏன் அப்படியே பிடித்து விற்கவில்லை? பிரச்சினை அளவில் இல்லை, தரத்தில். கண்டென்சரிலிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பானது, அவ்வளவுதான். அதை வைத்து ஒரு வீட்டைக்கூடச் சூடாக்க முடியாது. வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் டர்பைனின் நடுவிலேயே, இன்னும் சூடாக இருக்கும்போதே, நீராவியில் ஒரு பங்கைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தால் அந்தப் பங்கு தர வேண்டிய மின்சாரம் கொஞ்சம் குறையும். ஆகவே 'வீணாகப் போகும் வெப்பம் இலவசம்' என்று சொல்வது சரியில்லை. கொஞ்சம் மின்சாரத்தை விட்டுக்கொடுத்து நிறைய வெப்பத்தை வாங்குவதுதான் இந்த வியாபாரம். குளிர் நாட்டில் அது நல்ல வியாபாரம்.

1981இல் நகராட்சி ஆஸ்னேஸிலிருந்து வெந்நீர்க் குழாய்களைப் பதித்தது. படிப்படியாக சுமார் 3,500 வீடுகளின் எண்ணெய் அடுப்புகள் அணைந்தன. 1982இல் நீராவிக் குழாய்கள் வந்தன. நோவோ நார்டிஸ்க் மருந்து ஆலையும் சுத்திகரிப்பு ஆலையும் தங்கள் பழைய பாய்லர்களைப் புதுப்பிக்க வேண்டிய கட்டத்தில் இருந்தன. புதுப் பாய்லருக்குப் பணம் போடுவதா, சில கிலோமீட்டர் குழாய்க்குப் போடுவதா என்று கணக்குப் பார்த்தார்கள். குழாய் ஜெயித்தது. நோவோவுக்கு வேண்டிய நீராவி முழுவதும், சுத்திகரிப்பு ஆலைக்கு வேண்டியதில் சுமார் 40 சதவீதமும் மின் நிலையத்திலிருந்து போகத் தொடங்கின.

நீராவியின் குணம் இங்கே முக்கியம். வெந்நீரைப் பல கிலோமீட்டர் கொண்டுபோகலாம். நீராவி அப்படியில்லை. தூரம் கூடக் கூட அழுத்தம் இறங்கும், குழாய்க்குள்ளேயே குளிர்ந்து தண்ணீராகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டுமே விற்கக்கூடிய சரக்கு அது.

மின் நிலையத்தை ஒட்டி ஒரு மீன் பண்ணையும் நடந்தது. கடலுக்குத் திரும்பும் வெதுவெதுப்பான தண்ணீரில் டிரவுட் மீன் வேகமாக வளரும். வீட்டைச் சூடாக்கத் தகுதியில்லாத வெப்பத்துக்கு மீன் ஒரு நல்ல வாடிக்கையாளர்.

ஆனால் ஒரு கணக்கை இங்கே சொல்லாமல் போனால் நியாயமில்லை. 3,500 வீடுகள், கடுங்குளிரில் வீட்டுக்கு 10 கிலோவாட் என்று தாராளமாகவே வைத்தாலும் 35 மெகாவாட்தான் வருகிறது. 2,250இல் 35. நீராவி, மீன் பண்ணை என்று எதைச் சேர்த்தாலும், ஆஸ்னேஸ் முழு வீச்சில் ஓடிய நாளில் அதன் வெப்பத்தின் பெரும்பகுதி கடலுக்குத்தான் போயிருக்கிறது. படத்தில் எல்லா அம்புகளும் ஒரே தடிமனில் வரைந்திருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. 16,000 பேர் ஊருக்கு 1,500 மெகாவாட் நிலையம் என்பது குருவி வீட்டில் யானை.

புகையிலிருந்து சுவர்

என்னைக் கேட்டால் இந்த ஊரின் மிக அழகான அம்புக்குறி 1993இல் வந்ததுதான்.

நிலக்கரியில் கந்தகம் இருக்கிறது. எரிக்கும்போது அது கந்தக டை ஆக்சைடு ஆகி, மழையில் கரைந்து அமிலமாக இறங்கும். ஸ்காண்டிநேவிய ஏரிகளும் காடுகளும் 1970களிலேயே இதனால் அடிபட்டன. டென்மார்க் கந்தகத்துக்குக் கடுமையான வரம்பு வைத்தது. ஆஸ்னேஸ் தன் புகையைக் கழுவ வேண்டிய கட்டாயம் வந்தது.

புகையைக் கழுவுவதற்குப் பல வழிகள் உண்டு. அதில் ஒன்று சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து, அந்தக் கலவையைப் புகையின் மேல் மழையாகத் தெளிப்பது. கந்தக டை ஆக்சைடு சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். காற்றை ஊதினால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கால்சியம் சல்பேட்டாகும். இரண்டு மூலக்கூறு தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு படிகமாக இறங்கும். அதாவது ஜிப்சம். ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த அதே பொருள், வேதியியல் அளவில் ஒரு வித்தியாசமும் இல்லை.

64 கிலோ கந்தக டை ஆக்சைடைப் பிடிக்க 100 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும், கிடைப்பது 172 கிலோ ஜிப்சம். ஒரு டன் நிலக்கரியில் ஒரு சதவீதம் கந்தகம் என்று வைத்தால், அதிலிருந்து ஏறத்தாழ 54 கிலோ ஜிப்சம் வரும். பெரிய மின் நிலையம் ஆண்டு முழுவதும் எரிக்கும் நிலக்கரியை நினைத்துப் பாருங்கள். ஒரு மலையே சேரும். வாங்க ஆள் இல்லாவிட்டால் அது இன்னொரு கழிவு மலை. கலுண்ட்போர்க்கில் வாங்க ஆள் 1972 முதலே தயாராக இருந்தார். ஜிப்ராக் தன் ஜிப்சம் தேவையில் பெரும்பகுதியை மின் நிலையத்திடமிருந்து வாங்கத் தொடங்கியது. சுரங்கக் கல்லைவிட இது சீரானது என்பது கூடுதல் வசதி.

சுண்ணாம்புக்கல் ஜிப்சமாகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 64 கிலோ கந்தக டை ஆக்சைடைப் பிடித்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு போகும். நிலக்கரி எரிவதில் வருவதோடு ஒப்பிட்டால் இது தூசு. ஆனாலும் வேதியியல் எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை.

கந்தகத்தில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. சுத்திகரிப்பு ஆலையும் தன் வாயுவிலிருந்து கந்தகத்தை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த கந்தகம் 1990 முதல் உருகிய நிலையில் கந்தக அமிலம் தயாரிக்கப் போனது. 1992 வாக்கில் அதே கந்தகத்தை அம்மோனியம் தயோசல்பேட் என்ற திரவ உரமாக மாற்றினார்கள். கந்தகம் போன வாயு சுத்தமாகிவிட்டதால் அதை மின் நிலையம் எரிபொருளாக வாங்கிக்கொண்டது. ஒரு அழுக்கை எடுத்தால் இரண்டு சரக்கு. 1979 முதலே ஆஸ்னேஸின் சாம்பல் சிமெண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1987இல் சுத்திகரிப்பு ஆலையின் குளிர்விப்புத் தண்ணீர், ஆண்டுக்கு சுமார் 7 லட்சம் கன மீட்டர், மின் நிலையத்தின் பாய்லருக்குத் திரும்பியது. டிஸ்ஸோ ஏரியின் ஒரே தண்ணீர் இரண்டு முறை வேலை பார்த்தது.

ஈஸ்டும் பன்றியும்

மருந்து ஆலையின் கழிவு வேறு மாதிரி. நோவோ நார்டிஸ்க் இங்கே இன்சுலினும், துணி சோப்பு முதலியவற்றில் போடும் நொதிகளும் தயாரித்தது. நொதிப் பிரிவு 2000இல் நோவோசைம்ஸ் என்ற தனி நிறுவனமானது. எல்லாமே நொதித்தல் தொட்டி வேலை. சர்க்கரையும் மாவும் கொடுத்து நுண்ணுயிர்களை வளர்த்து, வேண்டியதைப் பிரித்தெடுத்த பிறகு, தொட்டி தொட்டியாகச் சகதி மிஞ்சும். அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய. சுண்ணாம்பும் சூடும் கொடுத்து உயிருள்ளதை எல்லாம் கொன்றுவிட்டு, 1976 முதல் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு உரமாகக் கொடுத்தார்கள். குழாயிலும் போனது, டாங்கர் லாரியிலும் போனது. விலை? ஒன்றுமில்லை. கொட்டுவதற்கு ஆகும் செலவைவிட இலவசமாகக் கொடுப்பது மலிவு. விவசாயிக்கு உரக்கடைச் சீட்டில் கொஞ்சம் மிச்சம்.

1980களில் நோவோ இன்சுலினை ஈஸ்டிலிருந்து எடுக்கத் தொடங்கியதும் புதுக் கழிவு ஒன்று வந்தது. வேலை முடிந்த ஈஸ்ட். புரதம் நிறைந்த பொருள், வயலில் ஊற்றுவது வீண். 1989 முதல் அதைச் சூடாக்கிக் கொன்று, சர்க்கரைத் தண்ணீரும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்த்துப் பன்றித் தீவனமாக அனுப்பினார்கள். டென்மார்க்கில் மனிதரைவிடப் பன்றிகள் அதிகம், அதனால் வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை நோயாளிக்கு மருந்து செய்த ஈஸ்டுக்குச் சர்க்கரை கலந்து பன்றிக்குக் கொடுக்கிறார்கள் என்பதை யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பெயர் வைத்த ஆண்டு

இவ்வளவும் நடந்தபோது இதற்குப் பெயர் இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு மேலாளர்களுக்கு இடையிலான தனி ஒப்பந்தம். 1980களின் கடைசியில் ஊர்ப் பள்ளி மாணவர்கள் அறிவியல் வேலைக்காக ஊரின் குழாய்களை எல்லாம் ஒரே மாதிரியில் செய்து வைத்தார்கள். அதுவரை முழு வலையையும் ஒரே பார்வையில் யாரும் கண்டதில்லை. குழாய் போட்டவர்களுக்கே அப்போதுதான் 'அட, இவ்வளவா!' என்று ஆகியிருக்கிறது.

1989இல் மின் நிலைய மேலாளர் வால்டெமார் கிறிஸ்டென்சன் இதைத் 'தொழில்துறைக் கூட்டுயிர் வாழ்வு' என்று அழைக்கத் தொடங்கினார். அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவர் மனைவி என்பது ஊரறிந்த செய்தி. கூட்டுயிர் வாழ்வு என்ற உயிரியல் கருத்தை 1879இல் நிலைநிறுத்தியவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஆண்டன் டி பாரி. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்தான் அவருக்கு உதாரணம். அதே 1989இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஃப்ராஷும் நிக்கோலஸ் கலோபூலோஸும் ஆலைகள் ஒரு காட்டைப் போல இயங்க வேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் ஏட்டில் கேட்டதற்கு ஒரு சிறு ஊர் தெரியாத்தனமாகப் பதில் வைத்திருந்தது.

பெயர் வந்ததும் கூட்டம் வந்தது. ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 1990களின் கடைசியில் சொல்லப்பட்ட கணக்கு: சுமார் 7.5 கோடி டாலர் முதலீடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி டாலர் மிச்சம். போட்ட காசு ஐந்தாறு வருடத்தில் திரும்பிவிடும். எல்லாம் சராசரிதான், சில குழாய்கள் இதைவிட வேகமாகவே திரும்பக் கொடுத்தன.

நகல் எடுத்தவர்கள்

அப்புறம் நகல் எடுக்கும் படலம். அமெரிக்காவில் கிளின்டன் காலத்து அதிபர் குழு ஒன்று பால்டிமோர், கேப் சார்லஸ், பிரவுன்ஸ்வில், சட்டனூகா என்று நான்கு ஊர்களை மாதிரிச் சூழல் தொழிற்பேட்டைகளாகத் தேர்ந்தெடுத்தது. படம் வரைந்தார்கள், அம்பு போட்டார்கள். கலுண்ட்போர்க் மாதிரி ஒரு வலை அங்கே எழும்பவில்லை. இந்த வகை முயற்சிகளைப் பல நாடுகளில் ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மரியன் செர்டோவின் முடிவும் இதே திசையில்தான்: மேலிருந்து திட்டமிட்டுக் கட்டியவை பெரும்பாலும் நிலைக்கவில்லை, தானாக முளைத்தவற்றைக் கண்டுபிடித்து நீர் ஊற்றுவதே பலன் தருகிறது.

ஏன் என்று யோசித்தால் திரும்பவும் தேதிகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது. கலுண்ட்போர்க்கில் எந்தக் குழாயும் வலைக்காகப் போடப்படவில்லை. ஒவ்வொன்றும் தன் காலில் நின்றது. ஜிப்ராக்குக்கு வாயு கொடுத்த ஒப்பந்தம், விவசாயிக்கு உரம் கொடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அதனால் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை ஓடின. 1990களின் நடுவில் ஆஸ்னேஸின் ஒரு அலகு வெனிசுவேலாவிலிருந்து வந்த ஆரிமல்ஷன் என்ற தார்க் குழம்புக்கு மாறியது. அதன் சாம்பலில் நிக்கலும் வனேடியமும் இருந்ததால் அதற்கும் ஒரு வாங்குபவர் கிடைத்தார். சில ஆண்டுகளில் அந்த எரிபொருளே போய்விட்டது, உலோகமும் போய்விட்டது. ஊர் நின்றுவிடவில்லை. நகல் எடுத்தவர்களோ முழு வலையையும் ஒரே நாளில் பின்னப் பார்த்தார்கள். அதில் ஒரு ஆலை வராமல் போனால் அதை நம்பியிருந்த எல்லாம் சரியும்.

இன்னொன்றும் உண்டு. ஊர் சின்னது. மின் நிலைய மேலாளரும் மருந்து ஆலை மேலாளரும் ஒரே கூட்டத்துக்குப் போவார்கள், ஒரே கடையில் ரொட்டி வாங்குவார்கள். 'உங்கள் ஆலையில் என்ன மிஞ்சுகிறது' என்று ஒரு நிறுவனம் இன்னொன்றிடம் கேட்பது சாதாரண விஷயமில்லை. கழிவைச் சொன்னால் தொழில் ரகசியமும் பாதி வெளியே வந்துவிடும். அந்தப் பேச்சு நடந்ததற்குப் பக்கத்துப் பக்கத்து ஆலைகள் ஒன்றுக்கொன்று போட்டியில்லை என்பதும் காரணம். மின்சாரம், பெட்ரோல், இன்சுலின், சுவர்ப் பலகை: எவரும் எவர் சந்தையையும் பறிக்கப் போவதில்லை.

எல்லாம் வென்றதாகவும் நினைக்க வேண்டாம். 2009 நவம்பரில், கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்குச் சற்று முன்னால், இன்பிகான் என்ற வைக்கோல் எத்தனால் ஆலை இங்கே திறக்கப்பட்டது. மணிக்கு 4 டன் வைக்கோல், ஆண்டுக்கு 54 லட்சம் லிட்டர் எத்தனால் என்பது இலக்கு. மின் நிலையத்தின் நீராவி வைக்கோலைப் பக்குவப்படுத்தும், நொதி செய்யும் நிறுவனம் பக்கத்திலேயே. படத்தில் வரைந்தால் இதைவிட அழகாக அமையாது. தொழில்நுட்பமும் வேலை செய்தது. ஆனால் அந்த எத்தனால் சந்தை விலையோடு மல்லுக்கட்ட முடியவில்லை, சில ஆண்டுகளில் ஆலை நின்றுபோனது. ரசாயனம் சரி, கணக்கு சரியில்லை என்றால் இந்த ஊர்க் குழாய்கூட ஓடாது.

நிலக்கரி போன பிறகு

இந்த வலைக்கு வைக்கும் பெரிய குற்றச்சாட்டு நியாயமானதே. நடுவில் இருந்தது நிலக்கரி. சாம்பலை விற்று, ஜிப்சத்தை விற்று, வெப்பத்தை விற்று, அந்த வருமானமெல்லாம் நிலக்கரியை இன்னும் சில ஆண்டுகள் தாங்கிப் பிடித்தது என்றும் வாதிடலாம். கழிவுக்கு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டால் கழிவைக் குறைக்கும் ஆசை குறையும்.

2017இல் அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்கள். டாங் எனர்ஜி, பின்னாளில் ஓர்ஸ்டெட் எனப் பெயர் மாறிய நிறுவனம், ஆஸ்னேஸில் மரத்துண்டுகளை எரிக்கும் புது அலகு கட்டியது. 2019-20இல் அது ஓடத் தொடங்கியது. மின்சாரம் 25 மெகாவாட், வெப்பம் 129 மெகாவாட். இந்த இரண்டு எண்களைப் பழைய 1,500உடன் வைத்துப் பார்த்தால் சுவாரசியம். அன்று மின்சாரம் சரக்கு, வெப்பம் கழிவு. இன்று நோவோ நார்டிஸ்க்குக்கும் நோவோசைம்ஸுக்கும் (2024 முதல் அதன் பெயர் நோவோனெசிஸ்) வேண்டிய நீராவி, ஊருக்கு வேண்டிய வெந்நீர் இவற்றுக்காகவே அடுப்பு எரிகிறது. மின்சாரம்தான் இப்போது பக்கப் பொருள். முன்பு ஊருக்கு மிஞ்சி நின்ற யானை இப்போது ஊர் அளவுக்கு வந்துவிட்டது.

மரத்தில் கந்தகம் மிகக் குறைவு. அதனால் புகையைக் கழுவி ஜிப்சம் எடுக்கும் வேலையும் இல்லை. என் மனசுக்குப் பிடித்த அந்த அம்பு இப்படிப் போய்விட்டது. வீடுகளை இடிக்கும்போது வரும் பழைய ஜிப்சம் பலகைகளைப் பொடித்துப் புதுப் பலகை செய்யும் வழி ஜிப்ராக்குக்கு முன்பே இருந்தது. மற்ற இடங்களிலும் புதுக் கோடுகள் வந்தன. 2017இல் மருந்து ஆலைகளின் வெதுவெதுப்பான கழிவுநீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி ஊருக்குக் கொடுக்கும் 10 மெகாவாட் ஹீட் பம்ப் வந்தது. ஏசியைத் திருப்பிப் போட்டதுபோல அது வேலை செய்யும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். 1980களில் மீனுக்கு மட்டுமே ஆகும் என்று ஒதுக்கிய தரம் குறைந்த வெப்பம் இப்படி வீட்டுக்குள் வந்துவிட்டது. 2018இல் நொதித்தல் கழிவிலிருந்து முதலில் உயிர்வாயு எடுத்து, மிச்சத்தை வயலுக்கு அனுப்பும் ஆலையும் திறந்தது. பழைய உரப் பாதையே, நடுவில் ஒரு நிறுத்தம் கூடியிருக்கிறது.

கடைசியாக ஒரு அம்பு, இது ஊரைவிட்டே வெளியே போகிறது. 2023 மே மாதம் டென்மார்க் அரசின் எரிசக்தி முகமை ஓர்ஸ்டெட்டுடன் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆஸ்னேஸ் மரத்துண்டு அலகிலிருந்தும், கோபன்ஹேகன் பக்கத்து அவெடோரே நிலையத்தின் வைக்கோல் பாய்லரிலிருந்தும் ஆண்டுக்கு 4.3 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, திரவமாக்கி, கப்பலில் நார்வேக்கு அனுப்பி, வட கடலின் அடிப்பாறையில் செலுத்துவது திட்டம். அந்தக் கணக்கில் ஒரு பங்கை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கார்பன் வரவாக, அதாவது தன் வெளியேற்றத்துக்கு ஈடாகக் காட்டும் கணக்காக, வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. 1961 ஏரித் தண்ணீரிலிருந்து பார்த்து வந்த குழாய்களில் மறுமுனையில் இருந்தவருக்கு அந்தப் பொருள் ஏதோ ஒரு வேலைக்கு வேண்டியிருந்தது. இதில் மறுமுனையில் இருப்பது ஒரு பாறை. அதற்கான செலவை அரசின் மானியமும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் காசோலையும் தாங்குகின்றன. பழைய படத்தில் இதை வரைய வேண்டுமென்றால் அம்புக்குறிக்கு வேறு நிறம் எடுக்க வேண்டும்.